எதிர்ப்பக்கத்து பெஞ்சு

லீக் முடிய நாலு ஆட்டம் பாக்கி.
எத்திராஜுலு கோச்
விசிலைக் கழற்றி கோல் கம்பத்தில் மாட்டிவிட்டு
பாலாற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மேல்விஷாரத்திலிருந்து ராணிப்பேட்டை
டவுன் பஸ்ஸில் ஒரு தூக்கம்கூடத் தேறாத தூரம்.
ஆறும் ஆறில்லை, மணல்,
நடுவில் நாலு எருமை.
ஆனாலும் அதாவுல்லா பாய்
கப்பலேறிப் போனவனைச் சொல்வதுபோல்
"பூட்டான்" என்றார்,
டீயை ஆற்றிய கை அந்தரத்தில் நிற்க.

"துட்டு காட்டிருப்பானுங்க" என்றான் முனிரத்தினம்.
"துட்டு இல்லபா, பாய்லர் டீமுக்கு புல்லு கிரவுண்டு கீது.
நம்மளது இன்னா, சல்லி."
"அதுக்குன்னு? சீசன் நடுவுலயா?"
"கப்பு ஜெயிக்கணும்னு
அந்தாளுக்கும் ஆசை இருக்காதா?"
யார் அது என்று
கடை மொத்தமும் திரும்பியது.
அந்தக் குரல் அவசரமாக
ஒரு பொறையைக் கடித்துக்கொண்டது.

அன்றிரவு
அவர் வீட்டெதிரே இருந்த சுவரில்
கரியால் எழுதியது நான்தான்.
பயத்தில் ஓரெழுத்து கூடிப்போய்
'துரோக்கி' என்று விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெர்சிஸ் பேசினாள்.
என் தங்கை. கிளாஸ்கோவில் நர்ஸ்.
கோச் கதையைச் சொன்னேன்.
சிரித்தாள்.
"இங்கயும் அதே கூத்துதாண்ணே.
ஒரு மேனேஜர் பெரிய டீமுக்குப் போயிட்டாராம்.
ஆறாம் பெட் தாத்தா,
மூக்குல ஆக்சிஜன் குழாய்,
அத எடுத்துட்டுத் திட்டுறாரு.
அந்தாள் ஜெயிச்ச கப்பையெல்லாம் எண்ணி எண்ணித் திட்டுறாரு."
பிறகு கொஞ்சம் நிறுத்தி,
"நான் சி.எம்.சி.ய விட்டுட்டு வந்தப்ப
நீங்க கேக் வெட்டுனீங்க, இல்ல?"

அழைப்பு முடிந்தும்
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

பேரணாம்பட்டில் சுண்ணாம்புக் குழி,
வாணியம்பாடியில் டிரம்,
இங்கே ஃபினிஷிங்.
மூன்று தோல்ஷாப் மாறியிருக்கிறேன்.
கடைசி மாறுதல் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு.
ஒருவரும் விசிலடிக்கவில்லை.
பழைய முதலாளி
கம்பூட்ஸைத் திருப்பிக் கேட்டார், அவ்வளவுதான்.

கடைசி ஆட்டம் அவர்கள் மைதானத்தில்.
நாலு ஷேர் ஆட்டோ போனோம்.
எதிர்ப்பக்கத்து பெஞ்சில்
புது நீலச் சட்டையில் எத்திராஜுலு.
மடிப்பு கலையாத சட்டை,
அவர் அதற்குள் பழகாமல் உட்கார்ந்திருந்தார்.
முனிரத்தினம் ஒரு ரூபாய்க் காசுகளை
பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கினான்.
அவர் நிமிரவில்லை.
நான் கத்தவில்லை என்று சொல்ல மாட்டேன்.
கத்தினேன்.
கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது.

எண்பத்தொன்பதாவது நிமிடம். கோலில்லை.
நம் ஃபர்ஹான்
பத்து வயதிலிருந்தே குனிந்த தலை,
பந்தைத் தவிர உலகத்தில் வேறெதையும் பார்க்காதவன்,
இடது ஓரமாக ஓடி வருகிறான்,
நேராக அந்த பெஞ்சைத் தாண்டி.
எத்திராஜுலு எழுந்தார்.
எழுந்தது அவரா, பழக்கமா, தெரியாது.
"டேய், தலையத் தூக்குடா!"

தூக்கினான்.
உள்ளே ஒருவன் தனியாக நிற்பதைப் பார்த்தான்.
தட்டினான்.
வலை ஆடியது.

எங்கள் கூச்சலுக்கு நடுவே பார்த்தேன்:
இரண்டு கையாலும்
வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.
நீலச் சட்டைக்காரர்கள் எல்லோரும்
மைதானத்துக்கு முதுகு காட்டி
அவரையே பார்க்கிறார்கள்.

திரும்பும்போது பாலத்தின் மேல்
முனிரத்தினம் சொன்னான்:
"நம்மாளுதான்பா அவுரு.
நம்மதான் அனுப்பி வச்சிருந்தோம்."
காசு டப்பா அவன் மடியில்
தானாகக் குலுங்கிக்கொண்டு வந்தது.

மறுநாள்
பாய்லர் கேட் பக்கம் லோடு இறக்கப் போனவன்
வந்து சொன்னான்:
அங்கேயும் சுவரில் எழுதிவிட்டார்களாம்.
பெயின்ட்டில்.
பிழையில்லாமல்.